அக்குள் நெறியில் ‘மைக்ரோ’ என்று ரிப்போர்ட் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன் வேலை எனக்கு. ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டு, கண்ணாடியில் ஏற்றி பேத்தாலஜிஸ்ட் மேசைக்கு அனுப்புவதோடு என் பங்கு முடிகிறது. முடிவு சொல்பவர் அவர். ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குடியாத்தத்திலிருந்தும் வாலாஜாவிலிருந்தும் சொந்தக்காரர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மார்பகப் புற்று, அக்குளில் சின்னதாக ஏதோ இருக்கிறதாம், அது என்ன? கேட்பவர்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

1. கட்டி மார்லதானே கீது, அக்குள்ல எதுக்குக் கத்தி வைக்கிறாங்க?

மார்பிலிருந்து வடியும் நிணநீரில் பெரும்பகுதி அக்குளுக்குத்தான் போய்ச் சேருகிறது. அங்கே கொழுப்புக்குள் 20, 30 நிணநீர்க் கணுக்கள் புதைந்து கிடக்கின்றன. அவை வீங்கும்போதுதான் நாம் ‘நெறி கட்டியிருக்கு’ என்கிறோம். வீங்காவிட்டாலும் எல்லாருக்கும் அவை உண்டு. கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் முதலில் தங்கக்கூடிய இடம் அது. அங்கே வந்திருக்கிறதா, எவ்வளவு வந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் கீமோ, கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு சிகிச்சை) எல்லாம் தீர்மானமாகிறது.

நெறி பெரிதாக இருந்தாலே புற்றுதான் என்றும் நினைக்க வேண்டாம். கையில் சீழ் வைத்த புண் இருந்தாலும் வீங்கும், டி.பி. இருந்தாலும் வீங்கும். நம் பக்கத்தில் டி.பி. நெறி அபூர்வமே இல்லை.

2. தொட்டா ஒண்ணும் தட்டுப்படல. பெட் ஸ்கேன்லயும் சுத்தமா கீதுன்னாங்க. அப்புறம் எப்படி உள்ள இருக்கும்?

இங்கே பேசுவது 2 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான புற்றுப் புள்ளிகளைப் பற்றி. ரிப்போர்ட்டில் ‘மைக்ரோ’ என்று வருவது இந்த அளவில்தான், சரியான எல்லை 6-ல் இருக்கிறது. ஒரு கேழ்வரகு மணி ஏறத்தாழ அந்த அளவுதான். பெட் ஸ்கேனுக்கு நாலைந்து மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பது சரியாகப் பிடிபடாது. அல்ட்ராசவுண்டு நெறியின் வடிவத்தையும் அதன் ஓரம் தடித்திருக்கிறதா என்பதையும் பார்க்கிறது. கேழ்வரகளவு செல் கூட்டம் அந்த வடிவத்தை மாற்றாது. எனவே ஸ்கேன் ‘சுத்தம்’ என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். இவ்வளவு சிறியதைக் கண்டுபிடிக்க நெறியை வெளியே எடுத்து, வெட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

3. நெறியில ஊசி போட்டுப் பார்த்தா பரவிடும்னு சொல்றாங்களே?

பரவாது. ஸ்கேனில் சந்தேகமாகத் தெரியும் நெறியில் ஊசி போட்டுப் பார்ப்பதுதான் சரியான முறை. அந்த வதந்தியை நம்பி நாளைக் கடத்துவதில்தான் ஆபத்து.

4. நீல மருந்து போட்டு ரெண்டு மூணு நெறிய மட்டும் எடுத்தாங்க. மீதியில இருந்துட்டா?

அதற்குப் பெயர் சென்டினல் நோடு பயாப்சி. மார்பில் நீலச் சாயமோ, டெக்னீஷியம் என்ற லேசான கதிரியக்க மருந்தோ, இரண்டுமோ போடுவார்கள். கட்டியிலிருந்து கிளம்பும் நிணநீர் எந்த நெறிக்கு முதலில் போகிறதோ அது நீலமாகும், அல்லது காமா கருவியை அதன்மேல் வைத்தால் சத்தம் கொடுக்கும். நோய் பரவியிருந்தால் முதலில் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது கணக்கு. மார்பகப் புற்றில் 1993-ல் டேவிட் கிராக் கதிரியக்க மருந்தை வைத்தும், 1994-ல் அர்மாண்டோ ஜூலியானோ நீலச் சாயத்தை வைத்தும் இதைச் செய்து காட்டினார்கள். அதற்கு முன்பெல்லாம் எல்லாருக்கும் அக்குளை முழுக்கச் சுத்தம் செய்வதுதான் வழக்கம்.

தவறே வராதா என்றால், வரும். அமெரிக்காவில் 5,600-க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து நடந்த பி-32 ஆய்வில், அக்குளில் நோய் இருந்தவர்களில் ஏறத்தாழ 10-ல் ஒருவருக்கு சென்டினல் நெறி அதைக் காட்டவில்லை. ஆனாலும் சென்டினல் சுத்தம் என்று விட்டவர்களில் பிறகு அக்குளில் நோய் திரும்பியது 100-ல் ஒருவருக்கும் குறைவு. மார்புக்கு வைக்கும் கரண்டும் மாத்திரையும் கீமோவும் மிச்சத்தைக் கவனித்துக்கொள்கின்றன.

ஒரு சின்ன விஷயம்: சாயம் போட்ட பிறகு ஓரிரு நாள் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும். பயப்பட வேண்டாம். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மெத்திலீன் நீலம் அந்த வகை மாத்திரைகள் சிலவற்றோடு ஒத்துப்போகாது. வெட்கப்பட்டு மறைப்பவர்கள் நிறைய.

5. ஆபரேஷன் நடக்கச்சொல்லவே பார்த்து ‘இல்ல’ன்னு சொன்னாங்க. பத்து நாள் கழிச்சு ‘இருக்கு’ன்றாங்க. யார் சொல்றது நிஜம்?

இரண்டுமே நிஜம். ஆபரேஷன் நடக்கும்போது பார்ப்பது ஃப்ரோசன் செக்‌ஷன். நெறியை அவசரமாக உறைய வைத்து ஓரிரண்டு சீவல் மட்டும் எடுப்பார்கள். உறைந்த திசுவில் செல்களின் உருவம் கலைந்திருக்கும். பெரிய படிவு அதில் தப்பாது. மைக்ரோ அளவில் இருப்பவை பல தப்பிவிடும்.

பிறகு வரும் ரிப்போர்ட் ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, நிதானமாகச் செய்தது. நெறியை 2 மில்லிமீட்டர் இடைவெளியில் துண்டு போட்டு, எல்லாத் துண்டுகளையும் பதித்துப் பார்க்கிறோம். அந்த 2 மில்லிமீட்டர் சும்மா வந்ததல்ல. அதைவிடப் பெரிய படிவு இருந்தால் ஏதாவது ஒரு வெட்டு அதன் மேல் பட்டே தீரும். அதைவிடச் சிறியது இரண்டு வெட்டுக்கு நடுவே ஒளிந்துகொள்ளலாம். நாங்கள் ஸ்லைடுக்காகச் சீவுவது 4, 5 மைக்ரான் தடிமன்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்கு. ஒரு நெறியை முழுதாகச் சீவி முடிக்க ஆயிரக்கணக்கில் ஸ்லைடு ஆகும். உலகத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆகவே ‘இல்லை’ என்று வரும் எந்த ரிப்போர்ட்டும் ‘பார்த்த சீவல்களில் இல்லை’ என்றுதான் சொல்கிறது.

6. ஒருத்தருக்கு மைக்ரோன்னு கீது, இன்னொருத்தருக்கு ஐ.டி.சி.ன்னு கீது. எது பரவால்ல?

அளவுதான் பிரிக்கிறது. 0.2 மில்லிமீட்டர் வரை, அல்லது ஒரு சீவலில் 200-க்கும் குறைவான செல்கள் என்றால் ஐசொலேட்டட் டியூமர் செல்ஸ், சுருக்கமாக ஐ.டி.சி. அதற்கு மேல் 2 மில்லிமீட்டர் வரை மைக்ரோமெட்டாஸ்டாசிஸ். 2-ஐத் தாண்டினால் மேக்ரோ. ரிப்போர்ட்டில் ஐ.டி.சி.யை ‘பிஎன்0 ஐ பிளஸ்’ என்றும், மைக்ரோவை ‘பிஎன்1எம்ஐ’ என்றும் எழுதுவார்கள். பூஜ்யம் என்று இருப்பதைக் கவனியுங்கள்: ஐ.டி.சி. மட்டும் இருந்தால் அந்த நெறியை நோய் உள்ள நெறியாக எண்ணுவதில்லை. (மார்புக் கட்டியைப் பற்றிய பகுதியிலும் ஐ.டி.சி. என்று ஒன்று வரும். அது கட்டியின் வகை, இன்வேசிவ் டக்டல் கார்சினோமா. நெறிப் பகுதியில் இருப்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.)

கையில் ரிப்போர்ட் இருந்தால் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லோடு நிறுத்தாமல், எத்தனை மில்லிமீட்டர் என்று தேடுங்கள். எண் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாமல் ‘ஒரு நெறி பாசிட்டிவ்’ என்று மட்டும் எழுதும் ரிப்போர்ட்டை அரைகுறை என்றுதான் நான் சொல்வேன்.

7. மைக்ரோ வந்ததால ஸ்டேஜ் ஏறிடுமா? கீமோ கூடுதலா போடுவாங்களா?

கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்து, நெறியில் மைக்ரோ மட்டும் இருந்தால் ஸ்டேஜ் 1பி. கட்டி அதைவிடப் பெரிது என்றால் மைக்ரோவும் மற்ற நெறி நோயைப் போலவே கணக்கில் சேரும். கீமோவைப் பொறுத்தவரை இந்தப் புள்ளியை விட, கட்டியின் செல்லில் ஹார்மோனைப் பிடிக்கும் ஈ.ஆர்., பி.ஆர்., வளரத் தூண்டும் ஹெர்2 என்ற மூன்று புரதங்களின் முடிவுகளும் கட்டியின் அளவும் கிரேடும் வயதும் பேசுவதே அதிகம். மைக்ரோ ஒன்றுக்காக மட்டும் கீமோ முடிவாவது அரிது.

8. சரி, மைக்ரோ இருந்தா மறுபடியும் உள்ள போயி மீதி நெறி எல்லாத்தையும் எடுக்கணும்தானே?

முன்பு அப்படித்தான். இப்போது, கீமோவுக்கு முன்பே ஆபரேஷன் ஆனவர்களுக்கு, பெரும்பாலும் வேண்டாம். (கீமோ முடித்துவிட்டு ஆபரேஷனுக்குப் போனவர்கள் நேராக 12-க்குப் போங்கள். இந்தப் பதில் அவர்களுக்கானதல்ல.)

இதே கேள்வியை நேராக எடுத்துக்கொண்ட ஆய்வு ஐ.பி.சி.எஸ்.ஜி. 23-01. சென்டினல் நெறியில் மைக்ரோ மட்டும் இருந்த 900-க்கும் மேற்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு அக்குளை முழுக்க எடுத்தார்கள், பாதிப் பேருக்கு எடுக்கவில்லை. 10 ஆண்டு கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் எடுத்த பக்கம் 100-க்கு 75 பேர், எடுக்காத பக்கம் 77 பேர். எடுத்ததால் லாபமில்லை. இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எடுத்தவர்களில் 100-க்கு 13 பேருக்கு மீதி நெறிகளிலும் நோய் இருந்தது. அப்படியானால் எடுக்காதவர்களிலும் அதே அளவுக்கு இருந்திருக்கும். ஆனால் அக்குளில் நோய் தலைகாட்டியது 10 ஆண்டில் 100-க்கு இரண்டு பேருக்குத்தான். மற்ற சிகிச்சைகள் அதை அடக்கிவிட்டன.

மேக்ரோவே ஒன்றிரண்டு நெறியில் இருந்தாலும் முழுக்க எடுக்காமல் விடலாம் என்று அமெரிக்காவின் இசட்-0011 ஆய்வு காட்டியது. ஆனால் அதில் எல்லாருக்கும் மார்பைக் காப்பாற்றி கட்டியை மட்டும் எடுத்து, கரண்ட் வைத்திருந்தார்கள். நம் பக்கம் மார்பையே எடுத்துவிடுபவர்கள் அதிகம், அவர்களுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி ரொம்ப நாள் இருந்தது. 2024-ல் வெளியான செனோமேக் ஆய்வில் மார்பை எடுத்தவர்களும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோருக்குக் கரண்ட் வைக்கப்பட்டது. ஆகவே மார்பை எடுத்தவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது, ‘எடுக்காவிட்டால் அக்குளுக்குக் கரண்ட் வைப்பீர்களா?’ என்பது.

9. எடுத்துட்டா நிம்மதிதானே? எதுக்கு ரிஸ்க்கு?

‘எதுக்கும் எடுத்துடுங்க டாக்டர்’ என்று குடும்பமே வற்புறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அக்குளை முழுக்க எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. சென்டினல் மட்டும் எடுத்தவர்களில் இருபதில் ஒருவருக்கு. வீக்கம் வந்தால் அடக்கி வைக்கலாமே தவிர முழுசாகப் போவது கடினம். தோளைத் தூக்க முடியாமை, மேல்கை உள்பக்கம் மரத்துப்போவது இவையும் உண்டு.

பேரணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்ணுக்கும், ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காரும் பெண்ணுக்கும் கை வீங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேலூர் கத்திரி வெயிலில் வீக்கம் இன்னும் கூடும். டாக்டரிடம் பேசும்போது என்ன வேலை செய்கிறீர்கள், எந்தக் கையால் என்பதைச் சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஏற்கனவே எடுத்தாகிவிட்டது என்றால் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியை விடாதீர்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடுவது வேண்டாம்.

10. இன்னும் ஆழமா சீவி, ஸ்பெஷல் சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லவா? காசு ஆனாலும் பரவால்ல.

என்னிடம் அதிகம் வாக்குவாதமாகும் கேள்வி இதுதான். சாதாரணமாகப் போடுவது ஹெச் அண்ட் ஈ, ஊதாவும் இளஞ்சிவப்புமான சாயம். ஸ்பெஷல் என்பது ஐ.ஹெச்.சி. நெறியில் இயல்பாக இல்லாத, ஆனால் மார்பகச் செல்லில் இருக்கும் சைட்டோகெரட்டின் என்ற புரதத்தை அது பழுப்பாகக் காட்டும். ஒற்றைச் செல்கூடக் கண்ணில் அடிக்கும். தேடினால் கிடைக்கும், சந்தேகமில்லை. கிடைத்ததை வைத்து என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

பி-32 ஆய்வில் முதலில் ‘இல்லை’ என்று சொன்ன நெறிகளை ஆழமாகச் சீவி, ஐ.ஹெச்.சி. போட்டு மறுபடி பார்த்தார்கள். 15.9 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிடைத்தது, அதில் பெரும்பகுதி ஐ.டி.சி. 5 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள், கிடைத்தவர்களில் 94.6 சதவீதம், கிடைக்காதவர்களில் 95.8. வித்தியாசம் 1.2. அதைச் செய்தவர்களே, வழக்கமாக இப்படித் தோண்டிப் பார்ப்பதால் நோயாளிக்குப் பயனில்லை என்று 2011-ல் எழுதினார்கள். மிகச் சிறியதைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றும். அந்த ‘ஏதாவது’ 9-ல் சொன்ன வீங்கிய கையாக முடியும்.

விதிவிலக்கு லோபுலர் வகைப் புற்று. அதன் செல்கள் கூட்டமாக இல்லாமல் ஒவ்வொன்றாகச் சிதறி, நெறியில் ஏற்கனவே இருக்கும் செல்களைப் போலவே தோற்றம் காட்டும். அங்கே பேத்தாலஜிஸ்ட் தாமாகவே ஐ.ஹெச்.சி. கேட்பார். அவர் கேட்டால் போடுவோம், நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

11. வெளிநாட்டுல அக்குளத் தொடறதே இல்லையாமே?

சிலருக்கு மட்டும். இத்தாலியில் தொடங்கிய சவுண்ட் ஆய்வு 2023-ல் வெளியானது. கட்டி 2 சென்டிமீட்டருக்குள், அல்ட்ராசவுண்டில் அக்குள் சுத்தம் என்றிருந்தால் சென்டினல் எடுக்காமலே விட்டாலும் 5 ஆண்டில் கெடுதலில்லை என்று காட்டியது. நம் ஊரில் கட்டி எலுமிச்சம்பழம் அளவு ஆன பிறகுதான் பலர் வீட்டில் வாயைத் திறக்கிறார்கள். அவர்களுக்கு இது இப்போதைக்குச் சேதி மட்டுமே.

12. கீமோ முடிச்சுத்தான் ஆபரேஷன் ஆச்சு. ரிப்போர்ட்ல மைக்ரோதான். நீங்க 8-ல சொன்ன மாதிரி விட்டுடலாம்தானே?

கூடாது. இதைச் சேர்க்காமல் 8-ஐ மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கீமோவுக்கு முன் கிடைத்த மைக்ரோ, இனிமேல்தான் மருந்தைப் பார்க்கப்போகும் செல். கீமோவுக்குப் பின் கிடைத்தது, மருந்தைப் பார்த்தும் சாகாத செல். அளவு ஒன்றானாலும் பொருள் வேறு. அதனால்தான் கீமோவுக்குப் பின் எழுதும் ரிப்போர்ட்டில் குறியீட்டுக்கு முன்னால் ‘ஒய்’ என்ற எழுத்து சேர்க்கிறார்கள், ‘ஒய்பிஎன்’ என்று. அந்த ‘ஒய்’ இருந்தால் ஐ.டி.சி.கூட ‘முழுசாகக் கரைந்தது’ என்ற கணக்கில் வராது. மைக்ரோ மிச்சமிருந்தால் அக்குளை முழுக்க எடுப்பதே இன்றும் வழக்கம். ஐ.டி.சி. மட்டும் என்றால் விடலாமா என்பதில் டாக்டர்களுக்குள் விவாதம் நடக்கிறது.

மருந்தும் மாறலாம். டிரிபிள் நெகட்டிவ், அதாவது ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 மூன்றும் இல்லை என்றால் கேப்சிடபின் மாத்திரை, ஹெர்2 பாசிட்டிவ் என்றால் டி-டிஎம்1 ஊசி என்று அடுத்த கட்டம் யோசிப்பார்கள். ஆகவே இந்த நிலையில் சிறிய புள்ளியையும் தேடித்தான் ஆக வேண்டும். 10-ல் தோண்ட வேண்டாம் என்று சொன்னது இங்கே அப்படியே பொருந்தாது.

13. இப்பல்லாம் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்குதாமே? அப்ப டாக்டர் எதுக்கு?

2016-ல் நெதர்லாந்தில் கேமலியான் என்று ஒரு போட்டி வைத்தார்கள். 129 ஸ்லைடு, 11 பேத்தாலஜிஸ்ட், நேரம் ஏறத்தாழ இரண்டு மணி. சிறந்த கணினி நிரல்கள் அவர்களைத் தோற்கடித்தன, மைக்ரோவில்தான் அவர்கள் அதிகம் சறுக்கினார்கள். ஆனால் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் பார்த்த ஒரே ஒரு பேத்தாலஜிஸ்ட் 30 மணி நேரம் எடுத்துக்கொண்டார். அவர் கணினிக்குச் சமமாக நின்றார். எனக்குத் தெரிவது, ஆளுக்குக் கண் குறைவில்லை, நேரம்தான் குறைவு. ஸ்லைடில் ‘இங்கே பார்’ என்று கணினி காட்டிக் கொடுத்தால் அந்த நேரம் மிச்சமாகும். டி.பி.யால் உருமாறிய நெறியையும், மடிந்து போன சீவலையும் பிரித்துச் சொல்ல இன்னும் ஆள் வேண்டும். மடிந்த சீவலுக்கு எங்களைத் திட்டவும் ஆள் வேண்டும்.

14. ரெண்டு ஆஸ்பத்திரில காட்டினோம். ஒண்ணுல மைக்ரோ, இன்னொண்ணுல ஒண்ணுமில்ல. எங்க போறது?

நெறியில் தெரிந்ததெல்லாம் புற்றாகவே இருக்கும் என்றில்லை. நெறியின் மேலுறையில் மச்சத்தில் இருப்பது போன்ற செல்கள் இருக்கலாம், இடம் மாறித் தங்கிய நல்ல செல்கள் இருக்கலாம், மார்பில் ஊசி போட்டபோது நகர்ந்த செல்கள் வந்து சேர்ந்திருக்கலாம். 0.2 மில்லிமீட்டர் பக்கத்தில் இருந்தால் ஒருவர் ஐ.டி.சி. என்பார், இன்னொருவர் மைக்ரோ என்பார். இரண்டாவது இடத்தில் இன்னும் கொஞ்சம் சீவியிருந்தால் அந்தப் புள்ளியே சீவலோடு போய் முடிந்திருக்கவும் கூடும். சில வெளியிடங்களில் ஓஸ்னா என்ற முறையில் நெறியைக் கரைத்தே பார்க்கிறார்கள், அங்கே மறுபடி பார்க்கத் திசுவே மிஞ்சாது.

மூன்றாவது இடத்துக்குப் போவதானால் ரிப்போர்ட் நகலை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். புள்ளி தெரிந்த அதே ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். பிளாக்கில் உள்ள எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கவுன்டரிலேயே பாருங்கள். மே மாதத்தில் பஸ் ஜன்னலோரம், பைக் டேங்க் கவரில் எல்லாம் வைக்க வேண்டாம், மெழுகு இளகும். வேலை முடிந்ததும் பிளாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிற்பாடு ஹெர்2 மறுபடி பார்க்க வேண்டி வந்தால் அதிலிருந்துதான் சீவுவோம்.